நாலு விரற்கடை

கதவின் உள் அட்டையைக் கழற்றியதும் கால்வாய்த் தண்ணீர் குபுக்கென்று கொட்டிக் கோதண்டராமனின் பாதங்களை நனைத்தது. கூடவே சேறும், நகக்கண் அளவு நத்தை ஓடுகளும். வண்டியைக் கால்வாயிலிருந்து வெளியே எடுத்துப் பன்னிரண்டு நாளாகியும் அந்தக் கதவுக்குள் மட்டும் தண்ணீர் தேங்கிக் கிடந்திருக்கிறது. அவன் நகரவில்லை. குந்தியபடியே கதவின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நாலு விரற்கடை இறங்கி, கோணலாக நின்றிருந்தது.

அச்சரப்பாக்கத்து நெல் மண்டி சிவப்பிரகாசத்தின் அம்பாசடர் அது. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கரையை ஒட்டியிருந்த கோதண்டராமனின் பட்டறைக்கு ஆறேழு வருஷமாக வருகிற வண்டி. எழுபத்தாறாம் வருஷத்து ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை, அவர் மனைவி வச்சலாவும் கூட வந்திருந்தாள்.

"பின்னாடி எடது பக்கத்துக் கண்ணாடி கடகடன்னு ஆடுதுப்பா. மழ பேஞ்சா என் மடிதான் நனையுது. ஓட்டறவருக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தாள்.

கண்ணாடி ஏறி இறங்கும் காடியில் ஒட்டியிருந்த கம்பளிப்பட்டை தேய்ந்து போயிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினான். அப்படியும் லேசாக ஆடியது. அதன் மேல் இன்னொன்றை ஒட்டி, காடியையும் நெல்லளவு உள்ளே தள்ளி முடுக்கினான். கண்ணாடி மேலே போய் உட்கார்ந்தபோது வெளிச்சம் நுழைகிற இடுக்குகூட இல்லை. கதவை ஓங்கிச் சாத்தினாலும் சத்தமில்லை. அவனுக்கே திருப்தியாக இருந்தது. வச்சலா கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கைக்கு அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இன்னாப்பா இது, கெணத்துல தண்ணி சேந்தற மாதிரி கீது?"

"புதுப் பட்டைம்மா. ரெண்டு நாளு ஏத்தி எறக்கினா எளகிக்கும்."

மழைக்காலத்தில் யார் கண்ணாடியை இறக்கப் போகிறார்கள் என்பது அவன் வாய்வரை வந்த எண்ணம். அதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை இருவரும் மாமல்லபுரத்தில் வச்சலாவின் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் எதிரே வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கப் போய், சக்கரம் கரைச்சேற்றில் வழுக்கி, வண்டி மூக்குக் குத்தித் தண்ணீருக்குள் போனது. சிவப்பிரகாசத்தின் பக்கத்துக் கதவு திறந்துகொண்டு அவரை வெளியே தள்ளியது. பின் கதவுகள் திறக்கவில்லை. மீன்பிடிக்கிற ஆட்கள் குதித்துக் கயிறு கட்டி இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் நெற்றியில் அடிபட்டிருந்தது. விழுந்த வேகத்திலேயே உயிர் போயிருக்கும், வலிகூடத் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். துக்கத்துக்குப் போயிருந்தபோது அந்த வார்த்தையைக் கோதண்டராமன் நாலைந்து பேர் வாயால் கேட்டான். கேட்கிற ஒவ்வொருவரும் சற்று ஆறுதலடைந்ததையும் பார்த்தான்.

இப்போது அந்தக் கதவு அவன் முன்னால் இருந்தது. கைப்பிடி மாட்டுகிற தண்டின் பற்கள் மழுங்கியிருந்தன. கம்பளிப்பட்டையைப் பிதுக்கினால் தண்ணீர் சொட்டியது. ஊறித் தடித்திருந்தது. கண்ணாடி நின்றது தண்ணீரில் ஊறியதாலா, தான் முடுக்கியதாலா? பட்டையை வெயிலில் உலர்த்திப் பார்த்தான், மறுபடி ஒட்டிப் பார்த்தான், கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தான். பதில் கிடைக்கவில்லை.

மத்தியானம் சோறு கொண்டுவந்த மனைவி சின்னப்பொண்ணுவிடம் சொன்னான்.

"யாரும் கேட்டாங்களா உன்ன?" என்றாள் அவள்.

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு நீயா போயி சொல்ற? வாயில போட்டு மென்னு முழுங்கு."

இரண்டு நாள் முழுங்கிப் பார்த்தான். சோறு இறங்கவில்லை. இரண்டு பட்டைகளையும் எறிந்துவிட்டு ஒற்றைப் பட்டை ஒட்டி, காடியைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்து, தண்டையும் மாற்றினான். ஒரு விரலால் சுற்றினாலே கண்ணாடி தண்ணீரில் முங்குவதுபோல் இறங்கியது.

வெள்ளிக்கிழமை சிவப்பிரகாசம் பஸ்ஸில் வந்து இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. வண்டியை விற்கப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்" என்றான் கோதண்டராமன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். இரட்டைப் பட்டை, முடுக்கியது, அந்தம்மா இரண்டு கையாலும் சுற்றிவிட்டுச் சொன்னது. "நாந்தான் டைட்டு பண்ணேன். அதான் நாலு வெரக்கடைக்கு மேல எறங்கல. அடிக்கறதுன்னா அடிங்க."

அவர் கோபப்படவில்லை. புரியாதவர்போல் அவனைப் பார்த்தார்.

"எங்க எறங்கிச்சு?"

"அம்மா ஒக்காந்த பக்கம். நாலு வெரக்கடை."

"இல்லியே. மழ வரும்னு ஏத்தித்தான வெச்சிருந்தா. பொறப்பட்டதுலேந்து தொறக்கவே இல்லியே."

சொல்லிவிட்டு நிறுத்தினார். அவர் உதடுகள் எதையோ கணக்குப் போடுவதுபோல் அசைந்தன. அப்போதுதான் கோதண்டராமனுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. தன் பாரத்தை இறக்கிவைக்க வந்தவன், அவரிடம் இருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்கிவிட்டிருந்தான்.

"தண்ணி இழுத்திருக்கும்யா" என்றான் அவசரமாக. "வண்டிய கயிறு போட்டு இழுத்தாங்கல்ல, அப்ப... குலுக்கல்ல எறங்கியிருக்கும்."

"தண்ணியா கைப்பிடிய சுத்துச்சு?"

சிவப்பிரகாசம் வண்டியின் கூரையில் கையை ஊன்றி வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"உள்ள உசுரோட இருந்திருக்கா. நான் கரையில நின்னுகினு பாலத்துல போறவங்கள கூப்புட்டுகினு இருந்தேன்." பிறகு, மிகவும் தணிந்த குரலில், "இத நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்டா" என்றார்.

சாவியை அவன் நீட்டினான். அவர் வாங்கவில்லை. மழை தூற ஆரம்பித்திருந்தது. அவர் வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கம் திரும்பாமல், ஏரிக்கரைச் சாலையில் எதிர்ப்புறமாக நடந்தார். கோதண்டராமன் பின்னாலேயே நாலெட்டு ஓடி நின்றான்.

ஏரியில் மழை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. திருக்கழுக்குன்றம் போகிற பஸ் ஒன்று அவரை ஒட்டி ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயிற்று. ஜன்னல்களுக்கெல்லாம் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். ஒன்று மட்டும் கட்டு அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொள்ள, உள்ளேயிருந்து வளையல் போட்ட ஒரு கை அதன் நுனியைப் பிடிக்கத் துழாவிக்கொண்டே போயிற்று.