கருப்பு நடுவில்

அந்தக் கம்ப்யூட்டர் கோணிச் சாக்கில் கட்டித்தான் கோட்டுச்சேரிக்கு வந்தது. பாண்டிச்சேரியில் ஏதோ ஓர் ஆபீசில் கூரை ஒழுகி நனைந்து, ஏலத்தில் தள்ளிவிட்ட பெட்டி. எடுத்தவர் சிவசுப்பிரமணியன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருப்பவர், நிலக்காரர். அவர் வயலில்தான் என் அப்பா மருதையன் கூலி வேலை பார்க்கிறார்.

"இத ஓட வச்சிட்டீன்னா இங்க சொல்லிக்குடுக்கிற வேலை ஒனக்குத்தான் அல்லி" என்றார்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. பிசிக்ஸ். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அதுவரை நான் செய்த ஒரே காரியம், தெருவில் உள்ளவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தது. சரி என்றேன்.

சுவிட்சைப் போட்டால் உள்ளே விசிறி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடும். கரண்ட் வருகிறது, எங்கேயோ ஷார்ட் ஆகிறது என்று அர்த்தம். பவர் பெட்டியிலிருந்து போகும் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிச் சுவிட்சைப் போட்டேன். ஃபிளாப்பி டிரைவின் பிளக்கை எடுத்ததும் விசிறி நிற்காமல் சுற்றியது. அதன் ஒயர் ஒன்று தோல் உரிந்து, பச்சை பூத்து, தகட்டில் ஒட்டிக் கிடந்தது. சுரண்டி, டேப் சுற்றினேன். நெய்னா முகம்மது ரேடியோ கடையில் மீட்டர் இரவல் வாங்கி வந்து வோல்டேஜ் பார்த்தேன். திரையில் எழுத்து வந்தது.

இத்தனையையும் பக்கத்தில் உட்கார்ந்து போண்டா தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தவன் சோமசேகரன். சிவசுப்பிரமணியனின் அக்கா மகன். பி.காமில் எழுதிய தடவையெல்லாம் கோட்டை விட்டவன்.

"உள்ள இருக்கிற மதர் போர்டுக்குப் போற இந்த ரெண்டு பிளக்கும் ஒரே மாதிரி இருக்கும். மாத்திக் குத்துனாலும் உள்ள போயிரும். ஆனா ரெண்டுலயும் இருக்கிற கருப்பு ஒயரு நடுவுல ஒட்டி வரணும். மாறுனா போர்டு வெந்துரும்" என்று அவனிடம் சொன்னேன்.

"கருப்புக்குக் கருப்பு மேல பாசம் இருக்கத்தானே செய்யும்" என்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

ஆயுத பூசையன்று திறப்பு விழா. டைப்ரைட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். வாசலில் புதுப் பெயர்ப் பலகை, பெயிண்ட் காயவில்லை. கம்ப்யூட்டர் ஆசிரியர்: சோமசேகரன்.

நான் படியில் கால் வைத்தேன். "அங்கயே நில்லு புள்ள" என்றார் சிவசுப்பிரமணியன்.

உள்ளே பெட்டியைத் திறந்து போட்டிருந்தார்கள். பிளக்குகளைச் சோமசேகரன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நல்ல காரியம் பாரு. ஒன் கை பட்டதையெல்லாம் கழட்டி, மஞ்சத்தண்ணி தொட்டுத் தொடச்சு மாட்டச் சொன்னேன். தப்பா நெனச்சுக்காத."

"வேலை எனக்குன்னு சொன்னீங்களே ஐயா."

"ஓட வைக்கிறது வேற, வாத்தியாரா உக்கார்றது வேற. நாலு வீட்டுப் புள்ளைங்க வரும். ஒங்கப்பனுக்கே தெரியும், போயி கேளு."

சோமசேகரன் பிளக்குகளைக் குத்தினான். சிவப்பு ஒயர்கள் நடுவில் வந்தன. கருப்பு இரண்டு ஓரத்துக்கும் போயிருந்தது.

"கருப்பு நடுவுல சனியன் மாதிரி உக்காந்திருந்துச்சு. நல்ல நாளுல எதுக்கு? ஓரத்துக்குத் தள்ளுடான்னுட்டேன்" என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

சோமசேகரனுக்கு அப்போதுதான் ஏதோ நினைவு வந்திருக்க வேண்டும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. மாமனிடம் அவ்வளவு பயம்.

"என்ன பிசிக்ஸு, செவப்பு நடுவுல எப்படி இருக்கு?" என்றார் சிவசுப்பிரமணியன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அழகா இருக்குங்க" என்றேன்.

கற்பூரம் காட்டினார். சுவிட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம். பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது. சாம்பிராணி என்று நினைத்து ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

"அவ அன்னிக்கே சொன்னா மாமா, கருப்பு நடுவுல வரணும்னு. அவளுக்குத் தெரியும்" என்றான் சோமசேகரன்.

"தெரிஞ்சுக்கிட்டேவா நின்ன? ஏன்டி சொல்லல?"

"அழகா இருக்கான்னுதானே கேட்டீங்க."

அவர் கை ஓங்கவில்லை. அதற்கு என்னைத் தொட வேண்டும். "நாளைலேருந்து ஒங்கப்பன் என் வரப்புல கால் வைக்கக் கூடாது" என்றார்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் விடிந்ததும் அப்பா அவர் வீட்டுக் கொல்லையில் போய் நின்றுவிட்டு வந்தார்.

"நீ வந்து சரி பண்ணிக் குடுத்தா நான் வயல்ல எறங்கலாமாம்."

"போர்டு வெந்துபோச்சுப்பா. இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"மொதல்லயும் செத்தது செத்ததுன்னுதானே எல்லாரும் சொன்னாங்க. நீதானே எழுப்புன."

"இது வேறப்பா. நெசமாத்தான் சொல்றேன்."

அவர் நம்பவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சிவசுப்பிரமணியன் முன்னால் எப்படி நிற்பாரோ, அப்படியே என் முன்னால் குனிந்து நின்றார்.

"வீம்பு வேணாம் அம்மாடி" என்றார்.