ரெண்டு தலைத் தொட்டி

ராசிபுரத்தில் ஹெலன் வீட்டுக் குளியல் தொட்டியில், ஆள் யாரும் இறங்காமலேயே, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர் நாலு விரற்கடை ஏறியது. ஏழு மணிக்கு இறங்கியது. அதிசயத்தை முதலிலேயே சொல்லியாகிவிட்டது, இனி நிதானமாகக் காரணத்துக்கு வரலாம். ஹெலனின் கணவர் சகாயராஜ் போர்வெல் ரிக் வண்டிக்காரர். வடக்கே மழைக்காலம் முடிந்ததும் வண்டியேறினால், மறுமழை தொடங்கும்வரை அங்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம் தேறாது. அவரை எதிரே உட்காரவைத்து, ஒரு மணி நேரம் எழுந்து போகவிடாமல் முகம் பார்க்க வேண்டும் என்பதுதான் ஹெலனுக்கு இருந்த ஒரே ஆசை. அதற்குத் தோதான சாமான் குளியல் தொட்டி என்று அவளுக்கு எப்படித் தோன்றியதோ, தோன்றிவிட்டது.

சேலத்துக் கடையில் நாஸியா என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். “ஒத்தத் தலைத் தொட்டின்னா ஒருத்தர்தான்க்கா சாஞ்சுக்கலாம். எதிர்ல உக்கார்றவங்க முதுகுல குழா குத்தும். இது ரெண்டு தலை. ரெண்டு பக்கமும் சரிவு, குழா நடுவுல.” ஹெலன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு முனையில் சாய்ந்தாள், நாஸியாவை மறு முனையில் உட்காரச் சொன்னாள். ஐந்தடித் தொட்டியில் முட்டிகள் மோதிக்கொண்டன. ஐந்தரையில் நாஸியாவுக்குச் சரி, சகாயராஜ் பனைமரம். ஆறடியில்தான் இருவர் கால் நீட்ட இடமிருந்தது. போனில் கேட்ட சகாயராஜ் சிரித்தார். “ஏம்புள்ள, குளிக்கறது நீ ஒருத்தி, தொட்டிக்கு எதுக்கு ரெண்டு தலை?” ஹெலன், “நீங்க எப்பவாச்சும் ஊட்டுக்கு வருவீங்கல்லங்க?” என்றாள். ரிக் சத்தத்துக்கு மேலாக அவர், “அப்பப் பெருசாவே எடு” என்றார்.

நவம்பரில் குளியலறை தயாரானது. ஒழுகுகிறதா என்று பார்க்கக் கொத்தனார் தொட்டியை நிரப்பி வைத்திருந்த அன்றைக்கே, வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியாரை அழைத்ததுதான் பிசகு. அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து வந்தவர், தொட்டி நிறையத் தண்ணீரைக் கண்டதும் மனம் குளிர்ந்து, அதன்மேலும் சிலுவை வரைந்து முழுசாக மந்திரித்துவிட்டார். மந்திரித்த தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது என்பது ஞாயிறு மறைக்கல்விக்குப் போகும் பிள்ளைக்கும் தெரியும். அடைப்பானைப் பிடுங்க யாருக்கும் துணிச்சலில்லை. அத்தனை யோசித்து எடுத்த தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு ஹெலன் குளித்தாள். கொழுந்தனார் உபகாரசாமி அதற்கு எருமைத் தொட்டி என்று பெயர் வைத்தார், தெருவும் அப்படியே கூப்பிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா என்ன?

மறுநாள் ஆறு மணிக்குத் தண்ணீர் ஏறி வழிந்தது. ஜன்னல் பக்கத்து முனையில், அடியில், மாவு போல் கல்தூள் படிந்திருந்தது. ஹெலன் போன் செய்தாள். “அந்த நேரந்தான் புள்ள நான் தூசி போகக் குளிக்கறது” என்று சகாயராஜ் மெல்லச் சொன்னார். அதன்பின் அவர் மகாராஷ்டிரத்தில் இருந்தால் தூள் கறுப்பாகவும், ராஜஸ்தானில் இருந்தால் சிவப்பாகவும் படிந்தது. தீர்த்தத்தில் இறங்கப் பயந்து, ஹெலன் கதவுப் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து பாதங்களை மட்டும் நனைப்பாள். ஒருநாள் வெடித்த குதிகால் ஒன்று அவள் உள்ளங்காலை உரசியது. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் கடைசியில், ஊர் திரும்பும் வழியில், ஒடிசாவில் காட்டாறு ஒன்று ரிக் வண்டியைப் புரட்டிக்கொண்டு போயிற்று. மற்றவர்கள் கரையேறினார்கள், சகாயராஜைக் காணவில்லை. அன்று தண்ணீர் ஏறவில்லை. ஐந்து நாளும் ஏறவில்லை. ஐந்து நாளும் ஹெலன் விளிம்பை விட்டு எழவில்லை. ஆறாம் நாள் உபகாரசாமி அழுது வீங்கிய முகத்தோடு சாமியாரைக் கூட்டிவந்து, “அண்ணி, அண்ணன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்க ஒரு தேதி சொல்லுங்க” என்றார். அப்போது மணி ஆறு. குளியலறையிலிருந்து ஹெலன், “சாமி, இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டாள். அவர்கள் கண்ணெதிரே நாலு விரற்கடை ஏறிற்று. சாமியார் வாசற்படியில் செருப்பைக் கழற்றினார்.

அந்த முறை படிந்த தூள் இளம்பச்சை. முப்பது வருஷம் ரிக்கில் கிடந்த கருப்பண்ணனை அழைத்துவந்தார்கள். அவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து, நாக்கில் வைத்து, “இந்தக் கல்லு நான் பாத்த வரைக்கும் அங்க ஒரே ஒரு மலைக்குப் பின்னாலதானுங்க இருக்குது” என்றார். அவரும் உபகாரசாமியும் அன்றே ரயிலேறினார்கள். ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தபோது, மலைக்குப் பின்னால் ஒரு சின்ன ஊரில், முறிந்த காலுக்கு மூங்கில் கட்டுப் போட்டு, ஆறாம் நாள் முதல் சாயங்காலமானால் ஊற்றங்கரையில் குளிப்பாட்டி, ஜனங்கள் சகாயராஜைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

வீடு வந்த அன்று அவர் ஊன்றுகோலோடு தொட்டியருகே நின்றார். ஆறு மணிக்கு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் விளிம்பு வரை ஏறியது. “மந்திரிச்ச தண்ணியாச்சே, இறங்கலாமா புள்ள?” என்று கேட்டார். “உங்க எடந்தானுங்க” என்றாள் ஹெலன். அவர் ஜன்னல் பக்கம் இறங்கிக் கழுத்துவரை சாய்ந்தார். தண்ணீர் ஒரு மயிரிழைகூட ஏறவில்லை. ஹெலன் அதைப் பார்த்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு, முதல்முறையாகத் தன் முனையில் இறங்கி உட்கார்ந்தாள். தண்ணீர் விளிம்பைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, கூடம் வரை ஓடியது. அத்தனை மாதமும் அந்தத் தொட்டியில் இல்லாதிருந்தது அவள் ஒருத்திதான். கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த உபகாரசாமி குனிந்து, தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.