குருவிக் கார் நின்ற நாள்

குருவிக் கார் நூறு வருஷத்தில் ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. வழியில் நின்றிருக்க வேண்டியதெல்லாம் ஒரு மெக்கானிக்கின் வீட்டில் போய் நின்றது. கம்பெனி அச்சடித்த வரலாற்றுப் புத்தகத்தில் முதல் வாக்கியம் மட்டும் தங்க எழுத்தில் இருக்கிறது. இரண்டாவதை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்பதால் நான் எழுதுகிறேன்.

கம்பெனியை ஆரம்பித்தவர் அதற்கு முன்னால் தண்ணீர் பம்பு செய்து விற்றுக்கொண்டிருந்தார். தன் கல்யாணத்துக்கு இரவல் காரில் புறப்பட்டார். கார் பாதி வழியில் நின்றது. ஆறு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது, விருந்துக்கு வந்திருந்த ஒரு பல் டாக்டருக்குப் பெண்ணைக் கட்டிவைத்துவிட்டு நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. மடக்காமல் விட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இனி தன் பெயரில் ஓடும் எந்த வண்டியும் வழியில் நிற்காது என்று முடிவு செய்தார். மூன்று வருஷம் கழித்து முதல் கார் வெளியே வந்தது. முகப்பில் வெள்ளியில் ஒரு தகைவிலான் குருவி. அது எங்கேயும் உட்காராத பறவை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். உட்காரத்தான் செய்யும், ஆனால் முதலாளியிடம் அதைப் போய்ச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஊர் அதைக் குருவிக் கார் என்று கூப்பிட்டது. அதன் விலைக்கு மாடியோடு ஒரு வீடு வாங்கலாம், வீட்டுக்கு வாசலில் ஒரு மரமும் இருக்கும்.

கம்பெனிக்குள் ‘நின்றது’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. சிக்னலில் கார் காத்திருந்தது, வீட்டு வாசலில் இளைப்பாறியது, அவ்வளவுதான். பிரேக் என்பதை வேக அடக்கி என்றார்கள். ஆனாலும் இரும்பு இரும்புதானே, அதற்கு முதலாளியின் சபதம் எப்படித் தெரியும்? முதல் வருஷமே ஒன்று நின்றது. அன்றைக்கே வாழ்த்துப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் ஒரே ஒரு ஆள், மெக்கானிக். எங்காவது குருவிக் கார் நின்றால் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் பூங்கொத்தும், பூங்கொத்துப் பெட்டிக்கு அடியில் ஸ்பேனர்களுமாகப் போய், “ஐயா பயணம் எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்” என்பார். உள்ளே இருப்பவர் பூவை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக இயற்கைக் காட்சியைப் பார்ப்பார். நடுவழியில் கதவைத் திறந்து இறங்கினால் கார் நின்றதாக ஆகிவிடும் என்பதால் இறங்க மாட்டார். ஒரு வெள்ளைத் துணிக்கு அடியில் வேலை முடியும். ஒரு வாரத்தில் முதலாளி கையெழுத்தோடு கடிதம் வரும்: தங்கள் காரில் எந்தப் பழுதும் ஏற்பட்டதாக எங்களிடம் பதிவு இல்லை. வாங்கியவரும் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார். வீட்டு விலை கொடுத்து வாங்கியவன், அது நின்றது என்று எந்த வாயால் சொல்வான்?

நம்முடைய மெக்கானிக் கம்பெனியின் எழுபத்தைந்தாவது வருஷத்தில் அந்த வேலைக்கு வந்தார். அடிக்கடி பூங்கொத்தோடு போனதால் தெருவில் அவருக்குப் பூக்காரர் என்று பெயர் விழுந்தது. இவ்வளவு பூ யாருக்குப் போகிறது என்று எதிர்வீட்டில் ஒரு ஆராய்ச்சியே நடந்தது. வேலையை விட்டுப் போன பழைய ஆள் சாவியைக் கொடுக்கும்போது, “வீட்டுல கடிகாரம் மட்டும் வாங்காத” என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இவர் போய்ப் பார்த்த முதல் கார் பெட்ரோல் பம்பு போய் நின்றிருந்தது. ஒரு மணி நேரத்தில் ஓடவிட்டார். கடிதம் போய்ச் சேர்ந்த அன்று அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நாற்பதில் நின்றது. கழற்றிப் பார்த்தார், ஒரு பழுதும் இல்லை. ரேடியேட்டர் கொதித்த ஒரு கார் சரியான வாரத்தில் அடுப்பில் தண்ணீர் கொதிப்பதை நிறுத்தியது. எவ்வளவு எரித்தாலும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. டைனமோ போன காருக்குப் பதிலாக முன்னறை விளக்கு, பேரிங் போன காருக்குப் பதிலாக மின்விசிறி என்று வரிசையாக நின்றன. நாடெல்லாம் ஓடவைக்கிறவர் சொந்த வீட்டில் ஒரு விசிறியை ஓடவைக்க முடியாமல் அதற்குக் கீழே முகத்தில் வியர்வையோடு உட்கார்ந்திருப்பார்.

அவர் மனைவி பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று மைக்கில் சொல்வதுதான் வேலை. கையால் ஆட்டிக்கொண்டிருக்கிற பொருள் நிற்பதில்லை என்று கண்டுபிடித்தது அவள்தான். அதிலிருந்து அந்த வீட்டில் எதையும் யாரும் சும்மா விடுவதில்லை. பெண்டுலத்தைப் போகும்போது ஒரு தட்டு, வரும்போது ஒரு தட்டு. சாப்பிடுவது நடந்துகொண்டே. கட்டிலுக்குச் சக்கரம் வைத்து ஒருவர் படுக்க ஒருவர் தள்ளினார்கள். கீழ்வீட்டுக்காரர் மேலே ரயில் விட்டிருக்கிறார்களா என்று கேட்டு இரண்டு தடவை ஏறி வந்தார். பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத வாழ்க்கை. உறவுக்காரர்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள், வந்தவர்களுக்குத் தலை சுற்றியது.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து அவள் கர்ப்பமானாள். இருவரும் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளவே பயந்தார்கள். ஒன்பதாவது மாதம் ஒரு சிமெண்ட் ஆலைக்காரரின் கார் மலைப்பாதையில் ஏழாவது வளைவில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்து நின்றது. எஞ்சினுக்கு முதுகெலும்பு அதுதான். முழு எஞ்சினையும் வெள்ளைத் துணிக்கு அடியிலேயே மெக்கானிக் மாற்றினார். ஆலைக்காரர் உள்ளே உட்கார்ந்து இரண்டு நாள் பள்ளத்தாக்கைப் பார்த்தார். வழக்கம்போல் கடிதம் போனது. அந்த வாரம் வரவேண்டிய வலி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பத்து மாதம், பன்னிரண்டு மாதம், பதினைந்து மாதம். டாக்டரம்மா காதை வைத்துக் கேட்டுவிட்டு, “குழந்தை நல்லாத்தான் இருக்கு. ஆனா வர்ற மாதிரி தெரியல” என்றார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார். ஸ்ட்ரெச்சரோடு லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. இரண்டாம் தடவை படிக்கட்டு வழியாகத் தூக்கிப் போனார்கள், அறையின் விளக்கு நின்றது. மூன்றாம் தடவை டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் வீட்டை விட்டே கிளம்பவில்லை. அதுவாக வரட்டும் என்று விட்டுவிட்டார். குழந்தை உள்ளே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தது. அதன் காலடி கணக்காக விலாவில் படுவதால் அவளாலும் உட்கார முடியவில்லை. அறிவிப்பு அறையில் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே தாமதங்களைச் சொன்னாள்.

இரண்டாவது வருஷம் ஒரு விடுமுறை நாளில் அவள் இரண்டு பட்டியல் போட்டாள். ஒன்றில் அவர் பூவோடு போன நாட்கள், இன்னொன்றில் வீட்டில் நின்ற பொருட்கள். அட்டவணை பார்த்துப் பழகிய கண். இருநூற்று முப்பத்தொன்று பயணம், இருநூற்று முப்பத்தொன்று பொருள், கடைசி வரியில் மலைப்பாதைக் காருக்கு நேராகப் பிள்ளை. தாளை அவர் முன்னால் வைத்தாள். “ஊரான் வண்டியத் தள்ளிவிட்டா தன் வண்டி தானா ஓடும்னு நெனச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அவர் அன்று முதல்முறையாக ஓரிடத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலி அதன் பிறகு மடங்கவில்லை.

கார்கள் நின்றது உண்மை என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார், மாடிக்குப் போய்க் கத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. “பஸ் லேட்டுன்னு நான் மைக்ல சொன்னாத்தான் லேட்டு. வாசல்ல நிக்கிறவர் சொன்னா அது புரளி. இல்லைன்னு கையெழுத்துப் போட்டவர்தான் ஆமான்னு சொல்லணும்” என்றாள். அது நியாயமாகப் பட்டது. கையெழுத்துப் போடுவது இப்போது ஆரம்பித்தவரின் பேரன். அவருக்கு இவர், ஒரே ஒரு கார் நின்றதாக ஒரே ஒரு வரி எழுதித் தரும்படி விண்ணப்பம் எழுதினார், காரணத்தையும் மறைக்காமல் எழுதினார். பூங்கொத்தோடு பதில் வந்தது: தங்கள் மனைவியின் பிரசவத்தில் எந்தத் தாமதமும் ஏற்பட்டதாக எங்களிடம் பதிவு இல்லை. படித்துவிட்டு அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். அழும்போதும் நடந்துகொண்டேதான் இருந்தாள்.

நூறாவது வருஷ விழா வந்தது. நூறு குருவிக் கார்கள் நகரத்தைச் சுற்றி வருவதாக ஏற்பாடு, முதல் காரில் முதலாளி. அன்று காலை கார்களைச் சோதித்தவர் நம் மெக்கானிக்தான். முதல் காரின் பெட்ரோல் பம்பில், வறண்ட தொண்டையில் எச்சில் விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாற்றப் பத்து நிமிஷம் போதும், கையில் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் பானெட்டை மூடி, விரல் ரேகையைத் துடைத்துவிட்டு, “நல்லா இருக்குங்க ஐயா” என்றார். இதைத் தப்பு என்று சொல்பவர்கள் உண்டு. தப்புத்தான். அவர் மனைவி மூன்று வருஷமாகக் கர்ப்பமாக இருந்தாள் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதினொன்றரை மணிக்குப் பஸ் நிலையத்துக்கு நேர் எதிரில் முதல் கார் நின்றது. முதலாளியை முந்தக் கூடாது என்பது வழக்கம் என்பதால் பின்னால் தொண்ணூற்றொன்பதும் நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஊரே நின்றது. மெக்கானிக் கோட்டோடும் பூவோடும் போய் ஜன்னல் பக்கம் குனிந்தார். முதலாளி பூவை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பி, பார்க்க இயற்கைக் காட்சி இல்லாததால் ஒரு செருப்புக் கடையைப் பார்த்தார். துணியை விரிக்கும் சத்தம் கேட்கவில்லை. திரும்பினால் மெக்கானிக் அப்படியே நிற்கிறார். “என்ன ஆச்சுன்னு சொல்லுங்கய்யா, பாத்துடுறேன்” என்றார். நூறு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. முதலாளி ஜன்னலை ஏற்றிக்கொண்டார். பன்னிரண்டானது, ஒன்றானது. இடையிடையே ஜன்னல் ஒரு அங்குலம் இறங்கும், “வேலையப் பாருய்யா” என்று ஒரு குரல் வரும். “என்ன வேலைன்னு சொல்லுங்கய்யா” என்று இவர் சொல்வார், ஜன்னல் ஏறும். நிலையத்தின் ஒலிபெருக்கியில் அவர் மனைவியின் குரல் நிதானமாக வந்தது: “பயணிகள் கவனத்திற்கு. எல்லா பேருந்துகளும் காலவரையின்றித் தாமதம். காரணத்தை எதிரே காரில் இருக்கும் பெரியவர் சொல்வார்.” அரை மணிக்கு ஒரு தடவை அதையே சொன்னாள். ஜனங்கள் மூட்டைகளின் மேல் ஏறி நின்று அந்தப் பக்கமே பார்த்தார்கள்.

முதலாளிக்கு வயது எழுபத்திரண்டு. காலை விழாவில் மரியாதைக்காக மூன்று கிளாஸ் பழச்சாறு குடித்திருந்தார். கதவைத் திறந்து இறங்கினால் கார் நின்றதாக ஆகிவிடும். இரண்டு மணி வரை முழங்கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாத்தாவின் சபதத்தைக் காப்பாற்றினார், அது சாதாரண விஷயமில்லை. இரண்டு பத்துக்கு ஜன்னல் முழுவதும் இறங்கியது. “நின்னுபோச்சு” என்றார். “எல்லாந்தான் நின்னுச்சு, எல்லா வருஷமும். போதுமா? கதவத் திற.” மெக்கானிக் கதவைத் திறந்தார். நூறு வருஷத்தில் குருவிக் காரிலிருந்து நடுவழியில் இறங்கிய முதல் மனிதர், பஸ் நிலையக் கழிப்பறையை நோக்கி வயதுக்கு மீறிய வேகத்தில் போனார்.

அந்த நிமிஷத்தில் அவள் பட்டியலில் இருந்த கார்கள் அத்தனையும் அவை இருந்த இடத்தில் நின்றன. சில நெடுஞ்சாலையில், ஒன்று படகுத்துறையில். ஒன்று எங்கோ கோழிக்கூண்டாக மாறியிருந்தது, அதுவும் நின்றது, எப்படி என்று கோழிகளுக்குத்தான் தெரியும். பூட்டியிருந்த மெக்கானிக் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது, விசிறி சுற்றியது, அடுப்பில் வைத்துவிட்டுப் போன வெதுவெதுப்பான தண்ணீர் கொதித்து வழிந்தது. கீழ்வீட்டுக்காரர் மறுபடி மேலே ஏறி வந்தார். ஒலிபெருக்கியில், “பயணிகள் கவனத்திற்கு” என்று தொடங்கிய குரல் ஒரு நீண்ட மூச்சு இழுத்துவிட்டு, “எனக்கு வலி வந்துடுச்சுங்க” என்று முடித்தது. மெக்கானிக் கோட்டைக் கழற்றி எறிந்து, எல்லோரும் பார்க்க, வெள்ளைத் துணி விரிக்காமல் பானெட்டைத் திறந்து பத்து நிமிஷத்தில் பம்பை மாற்றினார். அந்தக் காரிலேயே அவளை ஏற்றப் போனார். “வேணாங்க. பஸ்லயே போலாம்” என்றாள்.

கம்பெனி என்ன ஆனது என்பதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மூன்று வருஷம் ஒரு காரும் விற்கவில்லை. நான்காவது வருஷம், நின்றால் நின்றது என்று சொல்லும் ஒரே கம்பெனி என்று பெயர் எடுத்து முன்னைவிட அதிகமாக விற்றது. வாழ்த்துப் பிரிவின் பலகையில் பழுது பார்ப்பு என்று மாற்றி எழுதினார்கள், பூ வாங்குவது நின்றது.

குழந்தை மூன்றேகால் மணிக்குப் பிறந்தது. பெண். தோள் வரை முடி, வாய் நிறையப் பல். தூக்க வந்த நர்ஸின் கையை விலக்கிவிட்டுத் தானே எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவை நன்றாக ஒரு தடவை பார்த்தாள். பிறகு கதவோரம் கிரீஸ் கையோடு நின்ற மனிதரைப் பார்த்தாள்.

“ஏம்ப்பா இவ்ளோ நேரம்?”

இருபத்தைந்து வருஷம் எத்தனையோ ஜன்னல்களின் முன் குனிந்து பூவை நீட்டியவர் அவள் முன்னாலும் குனிந்தார். நீட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லை.

“வழியில வண்டி நின்னுபோச்சும்மா” என்றார்.

“சரி,” என்றாள் அவள். “மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல.”

மூன்றாம் நாள் மூவரும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். கண்டக்டர் குழந்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.