மீன்கொத்திக்குக் கொடுத்த குரல்

மருதாயி புருஷனின் பல்லுக்கு நடுவே கரண்டிக் காம்பை நுழைக்கப் பார்த்தாள். கொயினா மருந்து தாடையில் வழிந்து பாய்க்குப் போனது. சின்னத்தம்பி வாயைத் திறக்கவே இல்லை. நாலு நாள் காய்ச்சலில், நேற்று மத்தியானம் வரை முகம் சுளித்தாவது குடித்த மனுஷன்தான்.

எல்லாம் நேற்று மாலை வந்த வினை. துரையின் சிநேகிதர் ஒருவர் இந்தக் காட்டுப் பறவைகளைப் படம் பிடித்துவந்து தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் காட்டினார். படம் பேசாது, பக்கத்தில் கிராமபோன் வைத்து இசைத்தட்டில் குரல் கொடுத்தார்கள். திரையில் மீன்கொத்தி வாயைத் திறந்தது, வந்ததோ சாவைக் கூப்பிடும் சாக்குருவியின் அலறல், தொழிலாளர் லயம் வரைக்கும் கேட்டது. லயத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது தப்பென்று. ஜனங்கள் சிரித்தார்கள். கஞ்சிக்கு அரிசி வாங்கப் போன மருதாயியும், பாவி, வாசலில் நின்று சிரித்தாள். திரும்பி வந்தால் இவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். சாக்குருவி கூப்பிட்டுவிட்டது, இனி மருந்து எதற்கு என்றார்.

"அது மெஷினுங்க. மீன்கொத்தி படத்துக்கு அந்தச் சத்தத்த வச்சிட்டாங்க. என் கண்ணால பாத்தேன்."

"மீன்கொத்தி அப்பிடிக் கத்துமா, மருதாயி?"

நடந்ததைச் சொன்னாலே பொய் மாதிரி இருந்தது.

கரண்டியைப் போட்டுவிட்டு ஸ்டோருக்கு ஓடினாள். படக்காரரின் ஆள் அஸீஸ், கேகாலைக்காரர், பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "நானா, என் அண்ணனா நெனச்சுக் கேக்குறேன், அந்தப் பாட்டுப் பெட்டியக் கொண்டாந்து அவருக்குப் போட்டுக் காட்டுங்க" என்று காலில் விழுந்தாள். வண்டிக்கு நேரமாயிற்று என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு கிராமபோனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

சின்னத்தம்பிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் தலையை மடியில் ஏந்தி, முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பினாள். அந்தக் குரல் தட்டில் எந்த இடத்தில் இருக்கிறதென்று தெரியாது, முழுக்க ஓடட்டும் என்று அஸீஸ் சாவி கொடுத்து முள்ளை வைத்தார். குயில் கூவியது. பிறகு செண்பகப் பறவை. மைனாக்கள் கூட்டமாகக் கத்தின. சின்னத்தம்பியின் கண் பெட்டியின் மேலேயே இருந்தது.

"இப்ப வரும் பாருங்க. கேட்டதும் ஒரு வாய் குடிச்சிரணும்." கரண்டியில் மருந்தை ஊற்றிக்கொண்டாள்.

சாக்குருவி அலறியது. பக்கத்து வீடுகளில் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அஸீஸ் குனிந்து சின்னத்தம்பியின் முகத்தைப் பார்த்தார். இழுத்த மூச்சு நின்றிருந்தது. மெதுவாக முள்ளைத் தூக்கினார். வாய்க்குள் ஏதோ ஓதினார்.

மருதாயி மடியை அசைக்கவில்லை.

"இன்னொரு தடவ போடுங்க நானா. அவருக்குச் சரியாக் கேக்கல."