துத்தம் போடாத பசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கயித்தான் சாமியாரின் கடல்பாசியைப் பூச்சி தின்றுவிட்டது என்றுதான் செம்பூரில் பேசிக்கொள்கிறார்கள். பூச்சி மேல் பழியைப் போடுவது ரொம்பச் சுலபம். அது வந்து மறுத்துப் பேசப் போகிறதா என்ன? பூச்சிக்கு இலை போட்டுப் பரிமாறினவன் நான். பெயர் சுயம்பு, தாராவியில் புஸ்தகம் பைண்டு செய்கிறவன். இருபத்தாறு வருஷமாகப் பசை காய்ச்சுகிற கை இது. இந்தக் கைதான் செய்தது.

சாமியார் எங்கள் பக்கத்து ஆள், மணப்பாட்டுக்காரர். அவர் கத்தோலிக்கக் குரு, நான் சுடலைமாடனைக் கும்பிடுகிறவன். கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, செம்பூரில் ஒரு மாதா கோவிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். காலையில் பூசை முடிந்ததும் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், வேட்டியை மடித்துக் கட்டுவார், நேரே கடலுக்குப் போய்விடுவார். கடல் வற்றுகிற நேரத்துக்குத் தக்கபடி பூசை நேரத்தை மாற்றுகிறார் என்று கோவில் ஜனங்கள் மேலிடத்துக்கு எழுதிப் போட்டதும் உண்டு. பாவம், அது உண்மைதான்.

கிழிந்த நோட்டுகளைத் தைத்துத் தரச் சொல்லித்தான் முதலில் என் கடைக்கு வந்தார். பிரித்துப் பார்த்தால் நோட்டு முழுக்கப் பாசியாக வரைந்து வைத்திருக்கிறார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இந்தக் கச்சடாவையா சாமி ஒக்காந்து படம் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "உப்புத் தண்ணியிலயும் சேத்துலயும் கெடந்து ஒரு உசுரு பச்சையாவும் செவப்பாவும் நிக்குதே சுயம்பு, அதுவா கச்சடா?" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் செம்பூருக்குப் போக ஆரம்பித்தேன். அவர் பாசியைத் தாளில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிடுவார். கெட்டித்தாளை அடியில் நுழைத்து, முள்ளம்பன்றி முள்ளால் கிளை கிளையாக விரித்துவிடுவார். அப்படியே தண்ணீர் சிந்தாமல் தாளைத் தூக்கி, மேலே பழைய வேட்டித் துணியைப் போட்டு, ஒற்றுத்தாள் வைத்துப் பாரம் ஏற்றுவார். நாலு நாளில் காய்ந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

"பசை எங்க சாமி?" என்றேன், தொழில் புத்தி.

"பாசிக்குப் பசை அதுக்குள்ளயே இருக்கு, வே."

"அந்தச் சாமியாருக்கே நீங்க வாக்கப்பட்டிருக்கலாம்" என்று என் வீட்டுக்காரி சொர்ணம்மாள் கேலி செய்வாள். செய்யட்டும்.

நானூறு தாளுக்கு மேல் சேர்த்திருந்தார். அதில் ஒரு தாள்தான் அவருக்கு உயிர். இருநூற்றுப் பதினேழாம் நம்பர். ஐம்பத்தேழாம் வருஷம் செம்பூரை ஒட்டின மாகுல் கரையில் ஒரு பாறை இடுக்கில் மூன்றே மூன்று செடி கிடைத்தது, சிவப்புப் பாசி. ஏழு வருஷம் தேடிப் பார்த்துவிட்டார், உலகத்தில் எந்தப் புஸ்தகத்திலும் அது இல்லை. தன் அம்மா பெயரைக் கூட்டி அதற்குப் பெயர் வைத்தார். அம்மா பெயர் மரியந்தோணி. பஞ்ச காலத்தில் கரையில் கஞ்சிப்பாசி பொறுக்கிக் காய்ச்சி ஊற்றியே பிள்ளைகளைக் காப்பாற்றினவளாம். மறுபடி போய் அந்தச் செடியை எடுத்து வர வழியில்லை. கப்பல் நிற்கிற ஜெட்டிக்கு ரோடு போடுகிறோம் என்று அந்தப் பாறை மேல் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். சாமியார் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். யாரிடம் போய் என்னவென்று கேட்பது?

மாட்டுங்காவில் ஜம்புநாதன் என்று ஒரு புரொபசர். பம்பாய்க் கடற்கரைப் பாசிகள் அத்தனைக்கும் பட்டியல் போட்டுப் புஸ்தகமாக அச்சடிக்கப் போகிறவர் அவர்தான். அறுபத்துநாலு செப்டம்பரில் வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். செடியின் நுனியில் விதைக்கட்டு இருக்குமாம். அதில் ஒரு துணுக்கை வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் மரியந்தோணி பெயர் அச்சில் ஏறும். நுனி முக்கியம், தண்டு எல்லாப் பாசிக்கும் ஒன்று போலத்தான் இருக்கும் என்று சாமியார் எனக்கு விளக்கிச் சொன்னார்.

"எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு. இது ஒண்ணு நின்னுட்டாப் போதும் சுயம்பு. பொறவு ஆண்டவர் எப்பக் கூப்பிட்டாலும் போயிருவேன்."

அந்த வருஷம் மே மாதம் அவருக்குக் கண்ணில் புரை முற்றி ஆபரேஷன் என்றார்கள். இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் படுக்க வேண்டும். மழை வேறு வரப்போகிறது. போவதற்கு முன்னால் தகரப் பெட்டியோடு தாள்களை என் கடையில் கொண்டுவந்து இறக்கினார்.

"அட்டைப்பெட்டி செஞ்சு உள்ள அடுக்கி வச்சிரும். பைண்டிங்காரர் கையில இருந்தா பூச்சிக்குப் பயமில்ல" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை படித்த மனுஷன், அத்தனை பேரை விட்டுவிட்டு என்னிடம் கொடுக்கிறார்.

இந்த இடத்தில் துத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைண்டிங் பசை என்றால் மைதா மாவு, தண்ணீர், அதோடு ஒரு துண்டு மயில்துத்தம். அந்த நீலக்கல் விஷம், அது இருந்தால்தான் பசையைப் பூச்சி தொடாது. இல்லாவிட்டால் அது வெறும் மாவு, ராமபாணப் பூச்சிக்கு விருந்து. துத்தம் போடாமல் நான் ஒரு நாள் பசை காய்ச்சினது கிடையாது. என் நகக்கண்ணைப் பார்த்தாலே தெரியும், நீலம் பாய்ந்திருக்கும்.

அதற்கு முந்தின வருஷம் மாதா கோவில் கிணறு பச்சையாகிவிட்டது என்று முனிசிபாலிட்டி ஆள் வந்து துத்தம் போட்டுவிட்டுப் போனான். மூன்றாம் நாள் சாமியார் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. "நெல்லிக்காயளவு துத்தம் போதும் சுயம்பு, ஒரு கெணத்துப் பாசியும் செத்துப்போவும். பாசிக்கு அதைவிட எமன் கெடையாது" என்றார். அது என் மனதில் ஆணி அடித்தது போல் பதிந்துவிட்டது.

பெட்டி செய்ய உட்கார்ந்து அடுப்பில் மாவைக் கரைத்து வைத்தேன். சொர்ணம்மாள் துத்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேண்டாம், உள்ள வையி" என்றேன்.

"பூச்சி வராதா?"

"இது பாசிக்கு எமன்னு சாமியே சொல்லியிருக்காரு. படிச்சவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சோ?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் ஒரு தரம் அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். பெரிய மேதாவி அல்லவா நான்.

பெட்டியோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. ஜூன் மழை பிடித்ததும் ஈரக்காற்றில் தாளெல்லாம் லேசாக நெளிந்தது. பாசியின் நுனிகள் காகிதத்தை விட்டு எழும்பி நின்றன. மூடியை அழுத்தினால் நுனி ஒடிந்துவிடுமே என்று பயந்தேன். நுனி முக்கியம் என்று சொன்னாரே. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கண் கட்டோடு மல்லாந்து கிடந்தார், பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று நர்ஸ் விரட்டிவிட்டாள். திரும்பி வந்து, நானே மெல்லிய தூரிகை எடுத்து, அதே பசையால் ஒவ்வொரு நுனியையும் தொட்டு ஒட்டினேன். எட்டு நாள் வேலை. கடைக்கு வந்த வேறு வேலை ஒன்றையும் தொடவில்லை. இருநூற்றுப் பதினேழுக்கு மட்டும் இரண்டு தடவை பசை வைத்தேன்.

பெட்டிகளைச் செம்பூருக்குக் கொண்டுபோய் அவர் அலமாரியில் அடுக்கிப் பூட்டினேன். ஆபரேஷன் சரியாக வரவில்லை. ஒரு கண் போய்விட்டது, மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பெட்டியைத் திறந்து பார்க்க அவருக்குக் கண் இல்லை, எனக்கோ சந்தேகமே இல்லை. ஜூலை, ஆகஸ்டு முழுக்க மழை.

ஜம்புநாதன் வருகிற அன்று காலையில் என்னை முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தார் சாமியார். சலவை அங்கி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அலமாரியைத் திறந்து பெட்டியின் மூடியைத் தூக்கினேன். சலித்த மாவு போலத் தூள் உதிர்ந்தது. ராமபாணம் நாலைந்து வெளிச்சத்துக்குப் பயந்து ஓடின. இருநூற்றுப் பதினேழாம் தாளை உருவினேன். தண்டு இருந்தது. நான் பசை தொட்ட இடத்தில் எல்லாம் ஓட்டை, காகிதத்தோடு சேர்த்துத் தின்றிருந்தன. மூன்று செடியிலும் ஒரு நுனி இல்லை.

"எப்படியிருக்கு சுயம்பு? நுனி நல்லாருக்கா?"

"இருக்கு சாமி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். தாளை மடியில் வைத்தேன், வேறு என்ன செய்ய. எந்தத் தாளையும் விரலால் தொடவிடாத மனுஷன் அன்றைக்கு ஒரு விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓட்டை வந்ததும் விரல் நின்றது. அடுத்ததற்குப் போயிற்று, அங்கேயும் நின்றது.

"பூச்சியா?"

"ஆமா சாமி."

"செடிக்குப் பசை வச்சீரா?"

"நுனி எந்திரிச்சு நின்னுது சாமி. ஒடிஞ்சிரும்னு வச்சேன்."

"பசையில துத்தம் போடலையா?"

"போடல. பாசிக்கு அது எமன்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் விரலைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு, சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"அது உசுரோட இருக்க பாசிக்கு, சுயம்பு. செத்துக் காஞ்சதை விசம் என்ன செய்யும்? உம்ம பசையில துத்தம் இருக்கும்னுதான் உம்மகிட்ட குடுத்தேன்."

என்னைத் திட்டியிருந்தால், ஒரு அறை அறைந்திருந்தால், தாங்கியிருப்பேன். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையைத் தேடித் தொட்டார், முதலில் தோள்தான் கைக்கு அகப்பட்டது.

பத்து மணிக்கு ஜம்புநாதன் வந்தார். நல்ல மனுஷன். லென்ஸை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒரு துணுக்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினார். சாமியார் நோட்டில் வரைந்த படங்களையும் புரட்டிப் பார்த்தார்.

"படம் பிரமாதமா இருக்கு ஃபாதர். ஆனா ஷீட்ல நுனி இல்லாம நான் எப்படி எழுதறது? நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்னத்தைக் காட்டறது? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"வாஸ்தவம். எழுதக் கூடாது. நானா இருந்தாலும் எழுதமாட்டேன்" என்றார் சாமியார்.

மறு வருஷம் புஸ்தகம் அச்சாகி வந்தது. பைண்டிங்குக்கு என் கடைக்கே அனுப்பினார் ஜம்புநாதன், முந்நூறு பிரதி. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் மரியந்தோணி என்பதை எப்படி எழுதுவார் என்று சாமியார் நோட்டில் பார்த்துப் பார்த்து அந்த எழுத்துகள் பழக்கம். அச்சாகி வந்த தாளைப் பாரம் பாரமாகப் புரட்டினேன். கடைசிப் பக்கம் வரைக்கும் இல்லை. இருக்காது என்று தெரியும், இருந்தாலும் தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாமியாரிடம் சொன்னேன். எத்தனை பாசி இருக்கிறது, தாள் நல்ல தாளா என்றெல்லாம் விசாரித்தார். பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"நல்லா பைண்டு பண்ணும், வே. துத்தம் தாராளமாப் போடும்."

போட்டேன். வழக்கத்துக்கு இரண்டு பங்கு போட்டேன், பசையே நீலமாகிவிட்டது. அந்தப் புஸ்தகத்தை எந்தப் பூச்சியும் தொடாது.