இரண்டு பக்கமும் பொருந்திய ஒயர்

அன்று சாயங்காலம் விளாங்குடி மாடி அறையில் இருந்தவர்கள்: ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு, கட்டப்போகும் வீடுகளைக் கம்ப்யூட்டரில் படமாகப் போட்டுக் கொடுக்கிற ஜெரால்ட். கட்டிலில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த அவன் அக்கா, கணக்கு டீச்சர் ஜோசபின். அக்காவின் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ், மிஷன் பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க். மேஜைமேல் வயிறு திறந்து கிடந்த கம்ப்யூட்டரையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜெரால்ட் கையிருப்பைத் துடைத்து ஒரு செகண்ட்ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தான். திங்கட்கிழமைக்குள் ஒரு வீட்டுக்குள் நடந்து பார்க்கிற மாதிரி வீடியோ காட்டினால், இனி எல்லாப் படமும் உனக்குத்தான் என்று ஓர் இன்ஜினியர் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த கார்டு அந்த வேலைக்கு ஆகாது. இப்போது வாங்கியதற்கோ கரண்ட் வாங்க எட்டு பின் வாய் இரண்டு. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியோடு வந்த ஒயர் ஒன்றுதான்.

"இதுக்கா முழிச்சிக்கிட்டு இருந்த?" என்று தனிஸ்லாஸ் மஞ்சப்பையிலிருந்து ஒரு கறுப்பு ஒயரை எடுத்தார். அவருடைய செத்துப்போன பெட்டியோடு வந்தது. ஒரு முனையை எஸ்.எம்.பி.எஸ்ஸில் செருகினார். டக்கென்று உட்கார்ந்தது. மறுமுனையைக் கார்டில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் டக்.

"முடிஞ்சது மாப்ள. சுவிட்சப் போடு."

ஜெரால்டின் கை சுவிட்சுக்குப் போகவில்லை. அவனுடைய பெட்டி ஒரு கம்பெனி. ஒயர் இன்னொரு கம்பெனி. பிறகு எப்படி இத்தனை ஒழுங்காகப் பொருந்துகிறது? பொருந்தாமல் இருந்திருந்தால் அவனுக்குச் சந்தேகமே வந்திருக்காது.

"ஒரு நிமிஷம் மச்சான். மீட்டர் வச்சிப் பாத்துருவோம்."

"என் ஒயருக்கு ரத்தப் பரிசோதனையா?"

"அவன் பாக்கட்டுமே. ஒங்களுக்கு என்ன கசக்குது?" என்றாள் ஜோசபின், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

கார்டைக் கழற்றித் தள்ளி வைத்தான். மற்ற ஒயர்களையும் உருவினான். போனில் இருந்த படத்தைப் பார்த்து, பெட்டி தனியாக ஓடுவதற்காக, பெரிய பிளக்கின் இரண்டு துளைகளை ஒரு யூ பின் வைத்து இணைத்தான். பெட்டியின் காற்றாடி சுற்றியது. முதலில் தன் ஒயர். மீட்டரின் கறுப்பு முள் கீழ் வரிசையில், சிவப்பு முள் மேல் வரிசையில். பன்னிரண்டு வோல்ட் காட்டியது. அடுத்து மச்சானின் ஒயர், அதே துளைகள். இப்போதும் பன்னிரண்டுதான். ஆனால் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மைனஸ் கோடு.

"முள்ள மாத்திப் பிடிச்சிருப்ப," என்றார் தனிஸ்லாஸ்.

"நீங்களே பிடிங்க."

அவர் பிடித்தார். கோடு போகவில்லை. ஜெரால்டின் ஒயரில் வைத்தார். கோடு இல்லை. திரும்பவும் தன் ஒயர். முகத்திலிருந்த கேலி மெல்ல வடிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துளையாகக் குத்திப் பார்த்தார்.

"மேல் வரிசையும் கீழ் வரிசையும் அப்படியே தலகீழா இருக்கு மாப்ள."

ஜோசபின் பேனாவை மூடினாள். "மாட்டியிருந்தா?"

"கார்டு போயிருக்கும்," என்றான் ஜெரால்ட்.

"அப்ப எதுக்குப் பொருந்துற மாதிரி செஞ்சான்?"

ஜெரால்ட் அவனியாபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற அழகுபாண்டிக்குப் போன் போட்டான். அவர் நிதானமாகச் சொன்னார்: "கார்டுப் பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஒண்ணுதான் தம்பி. பொட்டிப் பக்கம் அவனவன் இஷ்டம். அச்சு ஒத்துப்போகும், உள்ள ஓடுறது ஒத்துப்போகாது. பொட்டி லேபிள போட்டோ எடுத்து அனுப்புங்க." அனுப்பினான். அந்த மாடலின் ஒயர் இருப்பதாகப் பதில் வந்தது. ஏழரைக்குக் கடை அடைப்பாராம்.

"அம்புட்டுத் தூரம் எதுக்கு?" தனிஸ்லாஸ் ஒயரின் வாய்க்குள் ஊசியை விட்டு நோண்டிக்கொண்டிருந்தார். "உள்ள இருக்குற பின்ன உருவி மேல உள்ளதக் கீழ குத்துனா முடிஞ்சது. நீ வேணா போயிட்டு வா. வாரதுக்குள்ள நான் ஓட்டிக் காட்டுறேன்."

ஜெரால்ட் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றான். அக்கா புருஷனை எழுந்திரு என்று அவன் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவர் பக்கத்திலேயே கார்டு இருந்தது.

"மச்சான், அது எரிஞ்சா எனக்குத் திங்கக்கெழம காட்ட ஒண்ணும் இல்ல. மறுபடியும் ராத்திரி வேலதான். எந்திரிங்க."

ஜோசபின் தம்பியைப் பார்த்தாள், பிறகு கணவரை. தனிஸ்லாஸின் தாடை இறுகியது. ஊசியைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். தன் ஒயரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அவன் தாரதும் தலகீழா இருந்தா?" என்றார்.

ஜெரால்ட் போனில் தான் அனுப்பிய லேபிள் படத்தை நீட்டினான்.

"லேபிள நம்பி எப்படிரா வாங்குவ? பொட்டியையும் தூக்கு. மீட்டர நான் எடுத்துக்கிறேன். கடையிலயே ஓட்டி, ஒவ்வொரு பின்னா பாத்து வாங்குவோம்."

எழுந்து செருப்பை மாட்டினார். ஜெரால்ட் பெட்டியைத் துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தான். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கியபடியே, எந்தத் துளையை முதலில் பார்ப்பது என்று பேசிக்கொண்டே போனார். பாதிப் படியில் நின்று திரும்பினார்.

"ஜோசு, அந்த ஊசி இன்னொண்ணு மேஜமேல கெடக்கும், அத…"

"அதெல்லாம் வேணாம், போங்க," என்று ஜோசபின் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாள் போட்டாள்.