பாறைத் தட்டில் ஃபத்னா நின்ற காலை

அல் ஜதீதா என்ற எங்கள் கடலோர ஊரின் மீன் சந்தையில் எனக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து மீன் அறுப்பவள் ஃபத்னா. பதினாறு வருஷமாக இதே வேலை. எந்த மாதம் கொடுவாய் மீனின் வயிற்றைக் கீறினால் நண்டு இருக்கும், எந்த மாதம் இறால் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் முப்பத்தெட்டு வயதுவரை முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. நீச்சல் தெரியாது. அலை உறுமினாலே பின்வாங்கிவிடுவாள்.

அவள் தம்பி பூஷைப் டாக்ஸி ஓட்டுகிறவன். லீவு நாளெல்லாம் பாறையில் நின்று கொடுவாய்க்குத் தூண்டில் வீசுவான். இரண்டு வாரம் வெறுங்கையோடு திரும்பியவனை அவள் சந்தையில் எல்லார் முன்னாலும் வாரினாள்.

“நண்டு தின்னுற மாசத்துல பளபளன்னு பிளாஸ்டிக் மீனைக் காட்டுனா, அது உன்னைப் பாத்துச் சிரிக்கும்டா.”

“உக்காந்து பேசுறது ஈசிக்கா. கடல்கிட்ட வந்து நின்னு பாரு. பல்லு தந்தியடிக்கும் உனக்கு.”

அது குத்திவிட்டது. அடுத்த வாரமே பழைய தூண்டில் கோல் ஒன்றை வாங்கிவிட்டாள். மணல் கரையில் வீசிப் பழகினாள். முதல் நாள் தூண்டில் முள் அவள் முக்காட்டிலேயே மாட்டியது. மூன்று வாரம் பாசியைத் தவிர எதுவும் வரவில்லை.

அக்டோபரில் ஒரு பெருங்காற்று ஓய்ந்த மறுநாள், பௌர்ணமி கழிந்த வெள்ளிக்கிழமை, விடிந்ததும் பூஷைப் அவளை ஊருக்குத் தெற்கே ஒரு பாறைத் தட்டுக்குக் கூட்டிப்போனான். கரைக்கும் தட்டுக்கும் நடுவே வாய்க்கால் போல ஒரு பிளவு. கணுக்கால் தண்ணீரில் கடந்துவிட்டார்கள்.

“கொடுவா நுரைக்குள்ளதான்க்கா மேயும். கடல் ஏத்தம் ஏற ஏற கிட்ட வரும். கடலுக்கு மட்டும் முதுகு காட்டாத.”

அவள் நண்டை மாட்டி வீசினாள். ஒவ்வொரு முறையும் தூண்டில் நரம்பு இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது, அங்கிருந்த சின்ன மணல் குடாவை நோக்கி. அலை தட்டின் விளிம்பில் மோதும்போதெல்லாம் காலடியில் பாறை அதிர்வது போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். பிளவில் தண்ணீர் முழங்கால் அளவு.

“பூஷைப், போயிரலாம்டா.”

“இப்பத்தான் நுரையே வருது. பத்து நிமிஷம் இரு.”

அந்த நேரம் பார்த்துக் கோல் வளைந்தது. ரீல் கதறியது. நல்ல பெரிய மீன். அது ஓடியதில் அவள் பயத்தையே மறந்தாள். கடைசியில் நரம்பு பாறையில் உரசி அறுந்தது. இருவரும் மூச்சு வாங்கித் திரும்பியபோது பிளவு முழுக்க வெள்ளை நுரை. எவ்வளவு ஆழம் என்றே தெரியவில்லை.

பூஷைப்பின் முகத்தில் கேலி போய்விட்டது. “நான் முதல்ல இறங்கிப் பாக்குறேன். நீ அசையாத.”

இடுப்புவரை இறங்கினான். அடுத்த அலை பிளவுக்குள் பக்கவாட்டில் புகுந்து அவனை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. தலை மேலே வந்தது. அவன் பாறையைப் பிடிக்கப் பார்த்தான். கடல் அவனைப் பாறைமேல் அறைந்து மறுபடி இழுத்தது. இரண்டாவது தடவை நெற்றியில் ரத்தம்.

தேநீர் போடக் கொண்டுவந்த ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் அவள் காலடியில் இருந்தது. கவிழ்த்துக் காலி செய்தாள். மூடியைத் திருகி இறுக்கினாள். அலை அவனைத் தூக்கிய அதே இடத்தில் வீசினாள். தண்ணீர் அவனை இழுத்த வழியிலேயே கேனும் போயிற்று.

“பாறைப் பக்கம் வராதடா! கேனைப் புடி! இடப்பக்கம் இழுக்குது, அதோடயே போ!” என்று கத்தினாள்.

கேட்டானோ இல்லையோ, கேனைக் கட்டிக்கொண்டான். நீரோட்டம் அவனைப் பாறை முனையைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனது. அப்புறம் அவள் கண்ணுக்கு அவன் தெரியவில்லை.

அதன் பிறகுதான் தன் நிலைமையைப் பார்த்தாள். தட்டின் மேலேயே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கோலை விட்டுவிட்டு நடுவிலிருந்த மேட்டில் குப்புறப் படுத்து, சிப்பி ஒட்டிய பாறையைக் கட்டிக்கொண்டாள். அலை முதுகைத் தாண்டிப் போகும். சாகும் நேரத்தில் சொல்லும் கலிமாவான ஷஹாதாவை அவள் சொல்வாள். பாதியில் உப்புத்தண்ணீர் வாயை அடைக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். தம்பி செத்துவிட்டான் என்றே நினைத்தாளாம். அம்மாவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று அந்த நிலையிலும் மனசு தேடியதாம்.

அந்த மணல் குடாவில் கடல்பாசி எடுக்கிறவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். கேனோடு ஒதுங்கியவனைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். வாந்தி எடுத்துக்கொண்டே அவன் சொன்ன ஒரே வார்த்தை: “அக்கா.” காற்றடித்த டிராக்டர் டயர் டியூபில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். அவர்களில் மிலூத் என்ற ஒருவன் டியூபோடு பிளவை நீந்திக் கடந்து வந்தான்.

“பாறையை விடும்மா.”

“மாட்டேன்.”

“நீ விடலன்னா நானும் இங்கயே படுத்துக்க வேண்டியதுதான். எனக்கு வீட்ல நாலு புள்ளைங்க.”

அப்புறம்தான் விரல்களைப் பிரித்தாள். டியூபைப் பிடித்துக்கொண்ட இருவரையும் கரையிலிருந்தவர்கள் கயிற்றால் இழுத்தார்கள்.

உள்ளங்கை இரண்டும் கிழிந்து, மூன்று வாரம் கத்தி பிடிக்க முடியவில்லை. பூஷைப்புக்கு நெற்றியில் ஏழு தையல். அவன் கோல்களையெல்லாம் விற்றுவிட்டான். இவளும் விட்டுவிடுவாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

டிசம்பரில் ஒரு நாள், “கூட வர்றியா? தனியாப் போக பயமா இருக்கு” என்று என்னைக் கேட்டாள். மணல் கரை, கடல் இறங்கியிருந்த வற்றத்தின் நேரம். நான் பின்னாலிருந்து அவள் ஜெல்லாபா அங்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நாலாவது வீச்சில் மீன் மாட்டியது. அவள் தண்ணீரை நோக்கி ஓரடிகூட வைக்கவில்லை. பின்னால் நடந்து நடந்தே அதைக் காய்ந்த மணல்வரை இழுத்தாள். ஒன்றரைக் கிலோ கொடுவாய்.

மேலே சாலையில், எங்களைக் கொண்டுவந்து விட்ட டாக்ஸியின் இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்த பூஷைப் ஹாரனை அடித்தான். “அக்கா! போதும், வந்துரு!”

ஃபத்னா கடலையே பார்த்துக்கொண்டு அடுத்த நண்டை எடுத்தாள்.